உங்கள் முகவரியில் பிறர் அனுப்பும் எரிதங்கள்: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

நீங்கள் எழுதாத ஓர் அஞ்சலுக்காக முன்பின் தெரியாத ஒருவர் உங்களைக் கடிந்து எழுதுகிறார். அல்லது, ஒரே இரவில் ‘அஞ்சலைச் சேர்ப்பிக்க இயலவில்லை’ என்ற அறிவிப்புகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்திருக்கின்றன. இந்த நிலையில் பெரும்பாலோர் முதலில் செய்வது கடவுச்சொல்லை மாற்றுவதுதான். அது தவறன்று. ஆனால் எரிதம் (ஸ்பேம், கேட்காமலே மொத்தமாக அனுப்பப்படும் அஞ்சல்) அனுப்புபவர் உங்கள் கணக்குக்குள் நுழையவே இல்லை என்றால், கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அந்த அஞ்சல்கள் நிற்கப்போவதில்லை. என் கணக்கு பறிபோயிற்றா, அல்லது என் முகவரி மட்டும் போலியாக எழுதப்படுகிறதா என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே மற்ற வேலைகளில் இறங்க வேண்டும். கீழே உள்ள அறிகுறிகள் அந்தக் கேள்வியை ஒட்டியே பிரிக்கப்பட்டுள்ளன.

போலி முகவரி எழுதுவது எளிதாக இருப்பதற்குக் காரணம், மின்னஞ்சலைக் கொண்டு செல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையின் அமைப்பிலேயே இருக்கிறது. 1982இல் வரையறுக்கப்பட்ட அந்த நெறிமுறை, அனுப்புநர் தம்மைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. சொன்னவர் உண்மையில் அவர்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. மேலும், ஒவ்வொரு அஞ்சலிலும் அனுப்புநர் முகவரி இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது தரப்படும் முகவரி; அஞ்சல் சேராவிட்டால் அறிவிப்பு இந்த முகவரிக்குத்தான் திரும்பும். மற்றொன்று, படிப்பவரின் திரையில் ‘அனுப்பியவர்’ என்று தெரியும் முகவரி. முன்னதை உறை முகவரி என்றும் பின்னதைக் கடித முகவரி என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டிலும் எதை வேண்டுமானாலும் எழுத முடியும். இந்த இரட்டை முகவரியை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் அறிகுறிகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

முதலில்: ஹெடரைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் சான்று இருப்பது அஞ்சலின் ஹெடர் பகுதியில்தான்; அஞ்சல் வந்த விவரங்கள் பதிவாகும், வழக்கமாகத் திரையில் காட்டப்படாத தலைப்பகுதி அது. ஜிமெயிலில் அஞ்சலைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தால் முழு ஹெடரும் தெரியும். அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று சோதனைகளின் முடிவும் மேலேயே தனியாகக் காட்டப்படும் (இவற்றின் விளக்கம் பின்னால் வருகிறது). மற்றச் சேவைகளிலும் இதற்கு இணையான தெரிவு இருக்கிறது.

ஹெடரில் ‘ரிசீவ்டு’ என்று தொடங்கும் வரிகளே அஞ்சல் வந்த வழியைச் சொல்கின்றன. அஞ்சலைக் கையாளும் ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்க்கும் என்பதால், கடைசியாகப் பெற்ற சர்வரின் வரி உச்சியில் இருக்கும். கீழே உள்ள வரிகளை எரிதம் அனுப்புபவரே புனைந்து எழுதியிருக்கக்கூடும். ஆகவே மேலிருந்து கீழாகப் படியுங்கள். உங்களுக்கு நம்பிக்கையான சர்வர் எழுதிய வரிகளில் மிகக் கீழே இருப்பதைக் கண்டுபிடித்து, எந்த ஐபி முகவரி (இணையத்தில் ஒரு கணினியைக் குறிக்கும் எண்) அஞ்சலைக் கொண்டுவந்து கொடுத்தது என்று அது சொல்வதை மட்டும் சான்றாகக் கொள்ளுங்கள். அந்த ஐபி முகவரி உங்கள் அஞ்சல் சேவைக்குச் சொந்தமானதாக இருந்தால் கணக்கோ சர்வரோ பறிபோயிருக்கிறது. தொடர்பில்லாத ஓர் இடத்துக்குச் சொந்தமானதாக இருந்தால் முகவரி மட்டுமே போலி செய்யப்பட்டிருக்கிறது.

அறிகுறி: நீங்கள் அனுப்பாத அஞ்சல்கள் திரும்பி வந்து குவிகின்றன

மிகுதியாகக் காணப்படும் அறிகுறி இதுவே. எரிதம் அனுப்புபவர் தம் பட்டியலில் உள்ள ஆயிரக்கணக்கான முகவரிகளுக்கு அனுப்பும்போது, உங்கள் முகவரியை உறை முகவரியாக எழுதிவிடுகிறார். அந்தப் பட்டியலில் செத்துப்போன முகவரிகள் ஏராளம். அவற்றுக்குப் போன ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு சர்வர் உங்களுக்கு அறிவிப்பு அனுப்புகிறது. இப்படி வருபவற்றை அஞ்சல் நிர்வாகிகள் ‘பேக்ஸ்கேட்டர்’ என்பார்கள்.

பெறும் சர்வர் சரியாக அமைக்கப்பட்டிருந்தால் இந்தச் சிக்கலே எழாது என்பதையும் சொல்ல வேண்டும். அஞ்சலை ஒப்புக்கொள்வதற்கு முன்பே, இணைப்பு நிலுவையில் இருக்கும்போதே, ‘அப்படி ஒரு பயனர் இல்லை’ என்று மறுத்துவிட்டால், அந்த மறுப்பு எரிதம் அனுப்பும் கணினியோடு முடிந்துவிடும், உங்களிடம் வராது. முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு பயனர் இல்லை என்று கண்டு, உறையில் உள்ள முகவரிக்கு அறிவிப்பு அனுப்பும் சர்வர்கள்தான் குற்றமற்றவர் தலையில் இதைக் கொட்டுகின்றன. நீங்களே ஒரு சர்வரை நிர்வகிப்பவராக இருந்தால், அது இவ்வாறு நடந்துகொள்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்; வேறொருவருக்கு நீங்கள் இந்தத் துன்பத்தைத் தந்துகொண்டிருக்கக்கூடும்.

சோதனை இதுதான். திரும்பி வந்த அறிவிப்பு ஒன்றைத் திறந்து இறுதிவரை போங்கள். பெரும்பாலான அறிவிப்புகளின் கீழ்ப்பகுதியில் மூல அஞ்சலின் ஹெடர் இணைக்கப்பட்டிருக்கும். அதில் உள்ள ‘ரிசீவ்டு’ வரிகளில், அறிவிப்பை அனுப்பிய சர்வர் எழுதிய வரியைப் பாருங்கள். அது குறிப்பிடும் ஐபி முகவரி உங்கள் அஞ்சல் சேவையுடையது அல்ல என்றால் கவலையை விட்டுவிடலாம். ஓர் அறிவிப்பை வைத்து முடிவு செய்யாமல் நான்கைந்தைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நாட்டு ஐபி முகவரிகள் இருந்தால், தீநிரல் (மால்வேர்) தொற்றிய கணினிகளின் கூட்டத்திலிருந்து அனுப்பப்படுகிறது என்று பொருள். அந்தக் கணினிகளின் உரிமையாளர்களுக்கே அது தெரிந்திருக்காது.

அடுத்து என்ன செய்வது? இந்த அறிவிப்புகளை மொத்தமாக அழிக்கும் வடிகட்டி ஒன்றை அமைக்கத் தோன்றும். அதைச் செய்ய வேண்டாம். நீங்கள் உண்மையில் அனுப்பிய முக்கியமான அஞ்சல் ஒன்று சேராமல் போனால், அதைச் சொல்லும் அறிவிப்பும் அதே குப்பையில் போய்விடும். தனிக் கோப்புறை ஒன்றுக்கு மட்டும் திருப்பிவிட்டு, நாளுக்கு ஒருமுறை தலைப்புகளை ஓட்டிப் பாருங்கள். அலை பெரும்பாலும் சில நாள்களில் ஓய்ந்துவிடும். எரிதம் அனுப்புவது நின்ற பிறகும் அறிவிப்புகள் தொடர்வது இயல்பே. சேர்க்க முடியாத அஞ்சலைச் சர்வர்கள் நான்கைந்து நாள்கள் வரை மீண்டும் மீண்டும் முயன்றுவிட்டுத்தான் கைவிட வேண்டும் என்று நெறிமுறையே சொல்கிறது.

சொந்த ஆள்களப் பெயர் (டொமைன், முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. உங்கள் ஆள்களப் பெயருக்கு முன்னால் எந்தச் சொல்லை எழுதி அனுப்பினாலும் ஒரே பெட்டிக்கு வந்து சேரும்படி ‘கேட்ச் ஆல்’ வசதியை வைத்திருக்கிறீர்களா? எரிதம் அனுப்புபவர்கள் கற்பனைப் பெயர்களை உங்கள் ஆள்களப் பெயரோடு ஒட்டி எழுதுகிறார்கள். அவற்றுக்கு வரும் அறிவிப்புகள் அனைத்தையும் இந்த வசதி உங்கள் பெட்டியில் சேர்க்கிறது. அதை நிறுத்திவிட்டு, உண்மையில் பயன்படும் முகவரிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்துக்கொள்ளும் சிறிய அமைப்பு ஒன்றின் பெட்டி ஒரு வார இறுதியில் நிரம்பி வழிந்து, உண்மையான அஞ்சல்களை ஏற்க முடியாமல் நின்றது. இந்த வசதியை நிறுத்திய அன்றே அறிவிப்புகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன.

அறிகுறி: கோபத்துடன் அறியாதவர்கள் பதில் எழுதுகிறார்கள்

எழுதுபவர் பெரும்பாலும் போலி என்ற சாத்தியத்தை அறியாதவர். ஒரே ஒரு முறை, சுருக்கமாக, மரியாதையுடன் பதில் சொல்லுங்கள்: அந்த அஞ்சலை நான் அனுப்பவில்லை, அனுப்புநர் முகவரி போலியாக எழுதப்பட்டுள்ளது, முழு ஹெடரை எனக்கு அனுப்பினால் எங்கிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்கிறேன். நூற்றுக்கணக்கானோர் எழுதினால் ஒவ்வொருவருக்கும் விளக்க முற்பட வேண்டாம்.

சில வேளைகளில் உங்களைக் குறிவைத்தே இது செய்யப்படுகிறது. இதற்கு ‘ஜோ ஜாப்’ என்ற பெயர் 1997இல் ஏற்பட்டது. ஜோ என்பவர் நடத்திவந்த இணையதளச் சேவையில் எரிதம் அனுப்பிய ஒருவரின் கணக்கை அவர் நீக்கினார். நீக்கப்பட்டவர் பழி தீர்ப்பதற்காக ஜோவின் பெயரிலேயே எரிதங்களை அனுப்பி, பெற்றவர்களின் கோபத்தை அவர்மீது திருப்பினார். உங்கள் விஷயத்திலும் அஞ்சலின் உள்ளடக்கம் உங்கள் இணையதளத்தையோ தொழிலையோ இழிவுபடுத்துவதாக இருந்தால், மாதிரி அஞ்சல்களை முழு ஹெடருடன் சேமித்து வைத்துக்கொண்டு, உங்கள் அஞ்சல் சேவைக்கும் இணையதளத்தை ஏற்றிவைத்திருக்கும் நிறுவனத்துக்கும் புகார்கள் போய்ச் சேரும் முன்பே நிலைமையைத் தெரிவித்துவிடுங்கள்.

அறிகுறி: நண்பர்களுக்கும் உடன் பணியாற்றுபவர்களுக்கும் மட்டும் உங்கள் பெயரில் அஞ்சல் போகிறது

இது மேலே சொன்னதைவிடக் கவனமாக ஆராய வேண்டியது. அறியாதவர்களுக்குப் போனால் உங்கள் முகவரி ஏதோ ஒரு பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது என்று விட்டுவிடலாம். அறிந்தவர்களுக்கே போகிறது என்றால் உங்கள் தொடர்புகள் யாரிடமோ சிக்கியிருக்கின்றன.

முதலில், அஞ்சல் பெற்றவரிடம் அனுப்புநர் பெயரை அழுத்தி முழு முகவரியையும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கைப்பேசிச் செயலிகள் பல, பெயரை மட்டுமே காட்டுகின்றன. உங்கள் பெயருக்குப் பின்னால் வேறு யாரோ ஒருவரின் இலவச முகவரி இருந்தால், முகவரிகூடப் போலி செய்யப்படவில்லை. பெயர்தான் இரவல் வாங்கப்பட்டிருக்கிறது. இதைத் தொழில்நுட்பத்தால் உங்கள் பக்கத்திலிருந்து தடுக்க வழியில்லை. அந்த இலவச முகவரியை அதன் சேவை நிறுவனத்திடம் புகாரளிக்கலாம். நண்பர்களுக்கு வேறு வழியாக, தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ, எச்சரிக்கை சொல்லலாம். பணம் கேட்கும் அஞ்சலாக இருந்தால் இந்த எச்சரிக்கையை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

முகவரியும் உங்களுடையதாகவே இருந்து, ஹெடரில் உள்ள ஐபி முகவரி உங்கள் சேவைக்குரியது அல்ல என்றால், பறிபோன கணக்கு உங்களுடையதாக இல்லாமல் மூன்றாவது ஒருவருடையதாக இருக்கலாம். அஞ்சல் பெற்றவர்களின் பட்டியலைத் தொகுத்துப் பாருங்கள். இவர்கள் எல்லாரையும், கூடவே உங்களையும், யாருடைய முகவரிப் புத்தகம் கொண்டிருக்கும்? அந்த ஒருவரிடம் பேசுங்கள். தம் கணக்கு பறிபோனதை அவர் அறியாமல் இருக்கும் வாய்ப்பு அதிகம்.

அறிகுறி: ‘அனுப்பியவை’ பெட்டியில் நீங்கள் எழுதாத அஞ்சல்கள் இருக்கின்றன, அல்லது அமைப்புகள் மாறியிருக்கின்றன

இது போலி முகவரி அல்ல, கணக்கே பறிபோயிருக்கிறது. அந்தப் பெட்டி வெறுமையாக இருப்பதால் மட்டும் நிம்மதி கொள்ள வேண்டாம். நுழைந்தவர் அனுப்பியவற்றை அழித்துவிட்டு, வரும் பதில்கள் உங்கள் கண்ணில் படாமல் நேரே குப்பைக்குப் போகும்படி வடிகட்டியும் அமைத்துவிடுவது வழக்கம்.

நீங்கள் பயன்படுத்தும் கணினியிலேயே தீநிரல் இருக்கக்கூடும் என்பதால், முதலில் அதைச் சோதியுங்கள். முடியாவிட்டால் தூய்மையான வேறு கருவியிலிருந்து தொடங்குங்கள். வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை அமைத்து, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் தெரிவை அழுத்தி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். திருடர் திரும்பி வருவது அதனால்தான். மீட்பு முகவரியும் மீட்புத் தொலைபேசி எண்ணும் உங்களுடையவைதானா, வேறு முகவரிக்குத் தாமாக அனுப்பும் ஃபார்வர்டு ஏற்பாடு சேர்க்கப்பட்டிருக்கிறதா, அறியாத வடிகட்டிகள் இருக்கின்றனவா, கணக்கை அணுக அனுமதி பெற்ற வெளிச் செயலிகள் எவை, செயலிகளுக்கென உருவாக்கப்பட்ட தனிக் கடவுச்சொற்கள் உள்ளனவா என்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். ஜிமெயிலைக் கணினியில் திறந்தால், பக்கத்தின் அடியில் உள்ள ‘டீடெயில்ஸ்’ இணைப்பு அண்மையில் எந்த ஐபி முகவரிகளிலிருந்து கணக்கு திறக்கப்பட்டது என்று காட்டும்.

உங்கள் இணையதளத்திலிருந்து அஞ்சல் அனுப்பும் வசதி இருந்தால், கணக்கு பத்திரமாக இருக்கும்போதே அந்த வசதி தவறாகப் பயன்படுத்தப்படலாம். ஹெடரில் உள்ள ஐபி முகவரி உங்கள் இணையதளச் சர்வருடையதாக இருந்தால், பழைய தொடர்புப் படிவங்களையும் நீங்கள் ஏற்றாத பிஎச்பி (இணையதள நிரல்) கோப்புகளையும் தேடுங்கள்.

அறிகுறி: உங்கள் முகவரியிலிருந்தே உங்களுக்கு மிரட்டல் அஞ்சல் வந்திருக்கிறது

‘உன் கணக்கு என் கையில் இருக்கிறது, அதனால்தான் உன் முகவரியிலிருந்தே எழுதுகிறேன், பிட்காயின் அனுப்பாவிட்டால் உன் காணொளியை வெளியிடுவேன்’ என்ற தொனியில் வரும் அஞ்சல் பலரை நடுங்க வைக்கிறது. ஹெடரைத் திறந்தால் பெரும்பாலும் எஸ்பிஎஃப் சோதனை தோற்றிருப்பதைக் காண்பீர்கள். அனுப்புநர் இடத்தில் உங்கள் முகவரியை எழுதியதைத் தவிர அவர் எதையும் செய்யவில்லை. அஞ்சலில் உங்கள் பழைய கடவுச்சொல் ஒன்று சரியாகக் குறிப்பிடப்பட்டிருந்தால், அது எப்போதோ வேறொரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் கிடைத்தது. ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற தளத்தில் உங்கள் முகவரியை உள்ளிட்டால் எந்தக் கசிவுகளில் அது இருக்கிறது என்று தெரியும். அந்தக் கடவுச்சொல்லை இன்னும் எங்காவது பயன்படுத்தினால் மாற்றுங்கள். பணம் அனுப்ப வேண்டாம், பதிலும் எழுத வேண்டாம்.

அறிகுறி: உங்கள் சொந்த ஆள்களப் பெயரில் போலி அஞ்சல்கள் தொடர்ந்து போகின்றன

பொதுச் சேவையில் முகவரி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி பயன்படாது. அவர்களுடைய ஆள்களப் பெயர் சேவை நிறுவனத்தின் கையில் இருக்கிறது. சொந்த ஆள்களப் பெயர் உடையவர்களுக்கோ, நிலையான மருந்து இது ஒன்றுதான். போலி எழுதுவதை உங்களால் தடுக்க முடியாது. ஆனால் எது போலி என்று உலகத்தின் சர்வர்களுக்கு உங்களால் சொல்ல முடியும். அதற்கு மூன்று டிஎன்எஸ் பதிவுகள், அதாவது உங்கள் ஆள்களப் பெயரைப் பற்றி எந்தச் சர்வரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்கப்படும் குறிப்புகள், வேண்டும்.

எஸ்பிஎஃப் என்பது, உங்கள் ஆள்களப் பெயரை உறை முகவரியில் எழுதி அனுப்ப உரிமை பெற்ற சர்வர்களின் பட்டியல். அதன் இறுதியில் ‘மைனஸ் ஆல்’ என்று எழுதினால் மற்றவை எல்லாம் உரிமையற்றவை என்று பொருள். மைனஸுக்குப் பதில் அலைக்குறி இட்டால், ஐயத்துக்குரியவை என்ற மென்மையான பொருள். இங்கே இரண்டு தவறுகளை மீண்டும் மீண்டும் காண்கிறேன். ஒரே ஆள்களப் பெயருக்கு இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகளைச் சேர்த்துவிடுவது ஒன்று. அப்போது சோதனை பிழையாகி, எஸ்பிஎஃப் இருந்தும் இல்லாத நிலை ஏற்படுகிறது. செய்திமடல் சேவை, கணக்கியல் சேவை என்று வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போய், ஓர் எஸ்பிஎஃப் சோதனைக்குப் பத்து டிஎன்எஸ் தேடல்கள் என்ற வரம்பைத் தாண்டிவிடுவது மற்றொன்று.

டிகேஐஎம் என்பது கையொப்பம். அனுப்பும் சர்வர் தன் இரகசியச் சாவியால் அஞ்சலுக்குக் கையொப்பமிடுகிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி உங்கள் டிஎன்எஸ் பதிவில் இருக்கிறது.

இந்த இரண்டும் இருந்தும் போலி அஞ்சல் போய்ச் சேர்கிறதே என்று கேட்பவர்கள் பலர். எஸ்பிஎஃப் பார்ப்பது உறை முகவரியை மட்டுமே என்பதே விடை. எரிதம் அனுப்புபவர் உறையில் தம் சொந்த ஆள்களப் பெயரையும் கடிதத்தில் உங்கள் ஆள்களப் பெயரையும் எழுதிவிட்டால், எஸ்பிஎஃப் தேறிவிடும். படிப்பவர் கண்ணுக்கு நீங்களே அனுப்பியதாகத் தெரியும். டிமார்க் பதிவு இந்த ஓட்டையை அடைக்கிறது. எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும், தேறியதில் உள்ள ஆள்களப் பெயர் கடித முகவரியோடு பொருந்தவும் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பொருந்தாததை என்ன செய்வது என்பதையும் நீங்களே அறிவிக்கலாம்: ‘நன்’ என்றால் எதுவும் செய்ய வேண்டாம், ‘குவாரன்டைன்’ என்றால் எரிதப் பெட்டிக்கு அனுப்பலாம், ‘ரிஜெக்ட்’ என்றால் மறுத்துவிடலாம்.

‘நன்’ என்ற நிலையில் தொடங்கி, அறிக்கைகள் வந்து சேர ஒரு முகவரியைக் குறிப்பிடுங்கள். பெறும் சேவைகள் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை எக்ஸ்எம்எல் வடிவில் அறிக்கை அனுப்பும். எந்தெந்த ஐபி முகவரிகள் உங்கள் பெயரில் எத்தனை அஞ்சல் அனுப்பின, எவை தேறின, எவை தோற்றன என்று அதில் இருக்கும். தோற்றவற்றில் உங்களுக்கே உரிய, நீங்கள் மறந்துவிட்ட சர்வர்கள் இருக்கின்றனவா என்று சில வாரங்கள் பொறுமையாகப் பாருங்கள். விலைப்பட்டியல் அனுப்பும் சேவையோ, காலாண்டுக்கு ஒருமுறை மட்டும் இயங்கும் ஒரு நிரலோ அப்போதுதான் வெளிப்படும். அவற்றைச் சரிசெய்த பிறகு ‘குவாரன்டைன்’, பிறகு ‘ரிஜெக்ட்’. பலர் ‘நன்’ நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். அது போலியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கே உதவும், தடுப்பதற்கு உதவாது.

அறிகுறி: பதிவுகளைச் சேர்த்த பிறகு உங்கள் உண்மையான அஞ்சல்களே மறுக்கப்படுகின்றன

அறிவிப்பில் உள்ள எண்ணைப் பாருங்கள். 5.1.1 என்றால் பெறுநர் முகவரி தவறு. பதிவுகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 5.7 என்று தொடங்கினால் பாதுகாப்பு அல்லது கொள்கை காரணமாக மறுக்கப்பட்டிருக்கிறது. ஜிமெயில் தரும் 5.7.26 அனுப்புநர் சரிபார்ப்பு தோற்றதைக் குறிக்கும். 4 என்று தொடங்குவது தற்காலிகத் தடை.

சரிபார்ப்பே தோற்றிருந்தால், அஞ்சல் நேராகப் போனதா, இடையில் ஒருவர் வழியாகப் போனதா என்று கேளுங்கள். பெறுநர் தம் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானாக ஃபார்வர்டு செய்திருந்தால், கடைசிச் சர்வரின் கண்ணுக்கு அந்த இடைச் சர்வரே அனுப்புநர், எஸ்பிஎஃப் தோற்கும். கையொப்பம் சிதையாமல் இருந்தால் டிகேஐஎம் காப்பாற்றும். குழு அஞ்சல் சேவைகள் தலைப்பில் ஒரு சொல்லையோ அடியில் ஒரு வரியையோ சேர்ப்பதால் கையொப்பமும் முறிகிறது. யாகூ 2014 ஏப்ரலில் ‘ரிஜெக்ட்’ நிலைக்கு மாறியபோது உலகெங்கும் குழு அஞ்சல்கள் தடைபட்டது இதனால்தான். அதற்குப் பின் அத்தகைய சேவைகள் பல, கடித முகவரியைத் தம்முடையதாக மாற்றி அனுப்பத் தொடங்கின. உங்கள் குழு அஞ்சல் மட்டும் தடைபட்டால் அந்தச் சேவையின் அமைப்பில் இந்தத் தெரிவைத் தேடுங்கள். டிமார்க் பதிவைத் தளர்த்த வேண்டாம்.

பதிவுகளே இல்லாமல் விட்டாலும் தப்ப முடியாது. கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் மொத்தமாக அனுப்புபவர்களிடம் மூன்றையும் கேட்கின்றன. கூகுளின் கணக்கில் ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 அஞ்சல்கள் அனுப்புபவர் அந்த வகையில் சேர்வார்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருந்தும் புகார்கள் நிற்கவில்லை

அனுப்புநர் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். உங்கள் ஆள்களப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றியோ, ஒரு கோட்டைச் சேர்த்தோ, இறுதிப் பகுதியை மாற்றியோ புதிய ஆள்களப் பெயர் ஒன்றை யாரோ பதிவு செய்திருக்கலாம். அது அவர்களுடைய ஆள்களப் பெயர் என்பதால், எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் அவர்களே முறையாக அமைத்துத் தேறவும் செய்வார்கள். ஆள்களப் பெயர்களின் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூஇஸ் தேடலில் அதைப் பதிவு செய்த நிறுவனத்தைக் கண்டறிந்து, அந்நிறுவனத்தின் முறைகேட்டுப் புகார் முகவரிக்கு முழு ஹெடருடன் மாதிரிகளை அனுப்புங்கள்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, நீங்கள் வாங்கிவைத்து அஞ்சலுக்குப் பயன்படுத்தாத மற்ற ஆள்களப் பெயர்கள். அவற்றைக் காவலின்றி விட்டிருப்பீர்கள். எரிதம் அனுப்புபவர்கள் அவற்றையும் விடுவதில்லை. அவற்றுக்கு எவரும் அனுப்ப உரிமையற்றவர் என்று ‘மைனஸ் ஆல்’ மட்டும் கொண்ட எஸ்பிஎஃப் பதிவையும், ‘ரிஜெக்ட்’ நிலையில் டிமார்க் பதிவையும், இந்தப் பெயர் அஞ்சல் பெறுவதில்லை என்று அறிவிக்கும் வெற்று எம்எக்ஸ் பதிவையும் சேருங்கள். மூன்று பதிவுகள், பத்து நிமிட வேலை. காத்திருந்து அறிக்கை பார்க்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனெனில் அங்கிருந்து போகும் உண்மையான அஞ்சல் என்று ஒன்றுமே கிடையாது.